யுடிசி நேரம்: ஒரு சர்வர் அட்மினோட ரிவ்யூ

யுடிசின்னா உலகத்துக்கே பொதுவான ஸ்டாண்டர்ட் டைம். போன்லேருந்து பாங்க் சர்வர் வரைக்கும் எல்லாரும் ஓசியில யூஸ் பண்ற சர்வீஸ், ஒருத்தரும் ரிவ்யூ போட்டதில்ல, அதான் நான் போடறேன். 2022ல செர்ட்-இன்னோட (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) ரூல் வந்துச்சு, என்ஐசி (அரசு ஐடி மையம்) இல்லன்னா என்பிஎல் (டெல்லியில இருக்கற தேசிய இயற்பியல் லேப்) டைம் சர்வரோட சிங்க் பண்ணுங்கன்னு. அப்பதான் இந்த டைம் எங்கேருந்துடா வருதுன்னு நோண்ட ஆரம்பிச்சேன்.

நோண்டினா, யுடிசின்னு ஓடிட்டு இருக்கற கடிகாரம் ஒண்ணுமே கிடையாது! பாரிஸ் பக்கத்துல செவ்ர்னு ஒரு ஊரு, அங்க பிஐபிஎம்னு ஒரு ஆபீஸ், எடை, அளவுக்கெல்லாம் சர்வதேச தலைமை இடம். உலகம் பூரா 80க்கு மேல லேப், எல்லாத்துலயும் சேத்து 400க்கு மேல அணு கடிகாரம், முக்காவாசி சீசியம், ஹைட்ரஜன் மேசர்ங்கற ரெண்டு வகைதான். சாட்டிலைட் வழியா ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு ரீடிங் அனுப்புவாங்க, இவங்க கம்ப்யூட்டர்ல போட்டு சராசரி எடுப்பாங்க.

சும்மா கூட்டி வகுக்கறதுன்னு நெனைக்காதீங்க. ஒவ்வொரு கடிகாரத்துக்கும் தனித்தனி வெயிட், அதாவது சராசரில அதுக்கு எவ்ளோ பங்குன்னு, அதை போடற விதம்தான் எனக்கு ரொம்ப புடிச்சது. பால்காரர் தினமும் பத்து நிமிஷம் லேட்டா வந்தா பிரச்சனையே இல்ல, டிகாக்ஷனை அதுக்கேத்த மாதிரி இறக்கிக்கலாம், ஒரு நாள் அஞ்சரைக்கும் மறுநாள் ஆறேகாலுக்கும் வர்றவரை வெச்சுக்கிட்டுதான் ஒண்ணும் பண்ண முடியாது. இங்கயும் அதே கதைதான். ஹைட்ரஜன் மேசரோட வேகம் நாள் போக போக மெல்ல மாறும், அதனால முன்னாடி அதுக்கு வெயிட் கம்மியா விழுந்துட்டு இருந்துச்சு, ஆனா அது மாறறதே ஒரே சீரா மாறுது, அப்ப முன்கூட்டியே கணிச்சுடலாமே? 2014லேருந்து கணிச்சதுக்கும் நடந்ததுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு பாத்துதான் வெயிட் போடறாங்க. எவ்ளோ நல்ல கடிகாரமா இருந்தாலும் சராசரி பங்கைப் போல நாலு மடங்குக்கு மேல கிடையாது, ஒருத்தரே நாட்டாமை பண்ண முடியாது.

எல்லாம் சேந்து ஒரே பக்கம் நகர்ந்துட்டா? அதுக்கு சீசியம் ஃபவுண்டன் மாதிரி ரொம்ப துல்லியமான மெஷின் இருக்கு, ஒரு செகண்டுன்னா சீசியம் அணுவோட 9,192,631,770 அதிர்வுங்கற அளவை வெச்சு வேகத்தை லேசா திருத்திக்குவாங்க.

டெலிவரிதான் மோசம். போன மாசம் உங்க கடிகாரம் எவ்ளோ தள்ளி ஓடுச்சுன்னு இந்த மாசம் பத்தாம் தேதி வாக்குல சொல்லுவாங்க, கரண்ட் பில் மாதிரி. அதுக்கு பேரு சர்குலர் டி. தொறந்தா டைப்ரைட்டர்ல அடிச்ச மாதிரி ஒரு டேபிள், இடது பக்கம் லேப் பேரும் ஊரும், வலது பக்கம் அஞ்சு நாளைக்கு ஒரு நம்பர், நானோசெகண்ட்ல, அதுலயும் ஒரு புள்ளி தள்ளி! ஒரு நானோசெகண்ட்ல ஒளியே ஒரு அடிதான் போகும். நியூ டெல்லின்னு நம்ம என்பிஎல் வரியும் அதுல இருக்கு. லைவா ஓடறதுக்கு ஒவ்வொரு லேப்பும் சொந்தமா ஒரு யுடிசி வெச்சிருக்கு, டெல்லியில ஓடறதோட அஞ்சரை மணி நேரம் கூட்டினா நம்ம ஐஎஸ்டி. மாசம் வரைக்கும் காத்திருக்க முடியாதவங்களுக்கு 2013லேருந்து வாராவாரம் 'ரேபிட்'னு ஒரு அவசர எடிஷனும் வருது, ஆனா ஃபைனல் பேச்சு சர்குலர்தான்.

இன்னொரு கடுப்பு, லீப் செகண்ட், பூமி சுத்தற வேகத்தோட ஒத்துப்போக யுடிசில சொருகற ஒரு எக்ஸ்ட்ரா செகண்ட். 1972லேருந்து 27 தடவை சொருகிட்டாங்க. 2012 ஜூலை 1, ஞாயித்துக்கிழமை, காலைல அஞ்சரை மணி (யுடிசில நள்ளிரவு), ஒண்ணு சொருகினாங்க, அப்ப வேலை பாத்த கம்பெனியில சர்வர் சிபியு எல்லாம் நூறு பர்சென்ட்ல போய் நின்னுச்சு, என்னன்னே புரியல, கடைசியில டேட் கமாண்டை ஒரு தடவை அடிச்சதும் அடங்குச்சு, ஒரே ஒரு செகண்டுக்கு என் ஞாயித்துக்கிழமை போச்சு. 2016 கடைசிக்கு அப்புறம் இன்னும் சொருகல, 2035க்குள்ள இந்த முறையையே மாத்தணும்னு 2022ல முடிவு பண்ணிட்டாங்க, வாழ்க.

லேட் டெலிவரிக்கு அரை ஸ்டார், அந்த ஞாயித்துக்கிழமைக்கு அரை ஸ்டார் கட். 4/5.