பி.ஃபார்ம் முடிச்சாச்சு: எம்.ஃபார்மா, ஃபார்ம்.டி பிபியா?

எம்.ஃபார்ம் 2 வருஷம், ஜிபேட்ங்கிற தேசிய நுழைவுத் தேர்வு பாஸ் பண்ணி சேர்ந்தா மாசம் 12,400 ரூபா ஸ்டைபண்ட் கிடைக்கும், ஃபார்முலேஷன் (மருந்து வடிவமைப்பு), அனாலிசிஸ் (மருந்து பரிசோதனை)னு கம்பெனி வேலையோ காலேஜ் லெக்சரர் வேலையோ வேணும்னா இதான் ரூட்டு.

ஃபார்ம்.டி பிபி, அதாவது பி.ஃபார்ம் முடிச்சவங்க சேருற போஸ்ட் பேக்கலாரியேட், 3 வருஷம், அதுல கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரி இன்டர்ன்ஷிப். வார்டு ரவுண்ட்ஸ்ல தான் உண்மையான பாடமே, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுற பேஷண்ட்டுக்கு வயித்துப்போக்குன்னு மெட்ரோனிடசோல்ங்கிற ஆன்டிபயாடிக் எழுதிருப்பாங்க, ரெண்டும் சேர்ந்தா ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற அளவு) ஏறி ரத்தக்கசிவு வர வாய்ப்பு அதிகம், அத சார்ட்ல பாத்த உடனே டாக்டர்கிட்ட பணிவா எடுத்துச் சொல்லி மாத்து மருந்து கேக்கணும், இல்ல வார்ஃபரின் டோஸ் குறைச்சு ஐஎன்ஆர் அடிக்கடி பாக்க சொல்லணும். இந்தப் பழக்கம் லேப்ல உக்காந்தா வராதுங்க.

ஆனா நம்மூர்ல பல ஆஸ்பத்திரில கிளினிக்கல் பார்மசிஸ்ட்னு தனி போஸ்ட்டே கிடையாது, இருந்தாலும் ஆரம்ப சம்பளம் சுமார் தான். அதனால நிறைய பேரு ஃபார்மகோவிஜிலன்ஸ் (மருந்தோட பக்கவிளைவுகளைக் கண்காணிக்கிற வேலை) கம்பெனிக்குப் போயிடுறாங்க, அந்த வேலைக்கு எம்.ஃபார்ம் காரங்களையும் தான் எடுக்குறாங்க! பேருக்கு முன்னாடி டாக்டர் போடணும்னு மட்டும் ஆசைன்னா ஒரு வருஷம் எக்ஸ்ட்ரா ஃபீஸ் தண்டம். பேஷண்ட்கிட்ட பேசப் பிடிக்கும்னா நான் ஃபார்ம்.டி தான் சொல்வேன், சேருறதுக்கு முன்னாடி அந்தக் காலேஜோட ஆஸ்பத்திரில பெட் நிறைஞ்சிருக்கான்னு நேர்ல போய் பாத்துக்கோங்க.