கார் சார்ஜுக்கு நெட் மீட்டரா, வீட்டு பேட்டரியா?

மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நல்ல வெயில் நாளில் சுமார் 12 யூனிட் கிடைக்கும். டியாகோ இவி போன்ற சின்ன மின்சார காருக்குத் தினசரி ஓட்டத்துக்கு 5, 6 யூனிட் போதும். ஆனால் வெயில் அடிக்கிற நேரத்தில் கார் ஆபீஸில் நிற்கிறது. பகல் கரண்டை ராத்திரிக்கு எப்படிக் கொண்டுவருவது?

நெட் மீட்டர் இருந்தால், பகலில் மிஞ்சுவது மின்வாரிய லைனுக்குப் போகும். ராத்திரி அங்கிருந்து எடுத்து ஏற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் நாம் லைனுக்குக் கொடுத்த யூனிட்டை இரண்டு மாத பில்லில் கழித்துவிடுவார்கள். ஐப்பசி அடைமழையில் பேனல் படுத்துவிட்டாலும் கார் காலையில் கிளம்பும். சங்கடம் ஒன்றுதான்: லைனில் கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் சோலார் இன்வெர்ட்டர் நின்றுவிடும். நம் சோலார் கரண்ட் லைனில் பாயாமல், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, அவசியமானது.

அந்த நேரத்தில் பேட்டரி கைகொடுக்கும், சரி. ஆனால் 5 யூனிட் லித்தியம் பேட்டரியை மொத்தமாகக் காலி செய்தாலும், வீணாவது போகக் காரில் சேர்வது நாலு யூனிட் சொச்சம்தான். 30 கிலோமீட்டர் ஓடலாம். அப்புறம் வீட்டு ஃபேனுக்கு மிச்சம் இருக்காது. மத்திய அரசின் சூர்ய கர் என்ற வீட்டு சோலார் திட்டத்தில் 3 கிலோவாட் பேனலுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, பேட்டரிக்குத் தனியாக எதுவும் இல்லை.

காருக்காக மட்டும் என்றால் என் ஓட்டு நெட் மீட்டருக்கே. அடிக்கடி கரண்ட் போகும் ஊர்க்காரர்கள் ஃபேன், லைட்டுக்கு அளவாகச் சின்ன பேட்டரி வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கார் வீட்டில் நின்றால் 11 மணிக்கே பிளக்கைச் செருகிவிடுங்கள். மேகம் மறைத்தால் பற்றாததை மட்டும் லைன் கொடுக்கும்.