கூரையில் சூரிய மின்தொகுதி பொருத்த எண்ணியிருப்போர் கவனத்துக்கு

வடமராட்சிக் கரையோரத்திலுள்ள எங்கள் வீட்டில் 2024 ஓகஸ்ட் மாதம் 5 கிலோவாற்று சூரிய மின்தொகுதி ஒன்றைப் பொருத்துவித்தோம். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பொருத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் எங்களிடம் சொன்ன அதே பொய்யை அயலூர்களிலும் சொல்லி முற்பணம் வாங்கி வருகிறார்கள் என்று அறிந்தபின் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

வந்த முகவர், 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நினைவூட்டித்தான் பேச்சைத் தொடங்கினார். என் தாயார் முட்டு வருத்தக்காரி. மருந்துப்புகை பிடிக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். அதைக் கண்டதும், "ஐயா, ஊர் இருண்டாலும் உங்கட வீடு இருளாது" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பியே கையொப்பமிட்டேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, எங்கள் கூரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, தகடுகளின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வேட்டரும் நின்றுபோனது. பழுது என்று எண்ணித் தொலைபேசியில் அழைத்தேன். "பற்றறி போடுற இன்வேட்டர் வேற, அதுக்குக் காசும் வேற" என்பதே பதில்.

உண்மையில் அது பழுதன்று. பற்றறியின்றி மின்சார சபையின் வலையமைப்புடன் மட்டும் இணைக்கப்படும் இன்வேட்டர், வெளிக்கம்பியில் மின்சாரம் நின்ற கணமே தானும் நின்றுவிடும். கம்பியைத் திருத்திக்கொண்டிருக்கும் ஊழியர் மீது நம் கூரையின் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடு சரியானது, தேவையானது. அதை மறைத்து, ஒரு நோயாளியின் தேவையைக் காட்டி விற்றதுதான் மோசடி.

அதன்பின் மற்றவற்றையும் சோதித்தேன். விலைமனுவில் அலுமினியம் என்று எழுதிய தாங்குசட்டம், வர்ணம் பூசிய இரும்பாக இருந்தது. உப்புக்காற்றில் எட்டு மாதத்துக்குள் கறள் பிடித்துவிட்டது. 12 தகடுகளில் மூன்றின் தொடரிலக்கங்கள் உத்தரவாதப் பத்திரத்தில் இல்லை. தென்சரிவு வெறுமனே கிடக்க, ஏறுவதற்கு வசதி என்று வடசரிவில், பனை நிழல் விழும் இடத்தில் பொருத்தியிருந்தார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும் காலத்தில் உற்பத்தி விழுந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

சூரிய மின்சாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்து, 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளிக்கும் வரை மக்கள் பட்ட பாட்டைக் கண்டவன் என்பதால், எண்ணெய் எரிக்காத மின்சாரத்தை இன்றும் விரும்புகிறேன்.

ஆகவே முற்பணம் கொடுக்குமுன், மின்வெட்டின்போது தொகுதி இயங்குமா, பற்றறி விலையில் அடங்குமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். தாங்குசட்டம் எந்த உலோகம், தகடுகள் எந்தச் சரிவில் பொருத்தப்படும் என்பதும் அதில் இருக்கட்டும். தகடுகளைக் கூரைக்கு ஏற்றுமுன் தொடரிலக்கங்களைப் படம் எடுத்து, பத்திரத்தோடு ஒப்பிட்டபின் மீதிப்பணத்தைக் கொடுங்கள். நான் முழுத்தொகையையும் வேலை முடியுமுன்பே கொடுத்துவிட்டேன். அதன்பின் அவர்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவித்து, பற்றுச்சீட்டு, விலைமனு, கறள் பிடித்த சட்டத்தின் படங்கள் ஆகியவற்றோடு எழுத்திலும் முறைப்பாடு கொடுத்துள்ளேன். முடிவு கிடைத்ததும் இங்கே அறியத் தருவேன்.