மில்லேயும் மீலியாவும்: லத்தீன் ஆயிரத்தின் இரண்டு வடிவங்கள்

லத்தீன் எண்ணுப்பெயர்களில் படிப்பவரை அதிகம் தடுமாற வைப்பது ஆயிரம்தான் என்பேன். ஊனுஸ், துஓ, த்ரேஸ் என்ற முதல் மூன்றும் பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப உருமாறும். நான்கு முதல் நூறு வரை பெரும்பாலும் அசையாது. இருநூறு முதல் தொள்ளாயிரம் வரை மறுபடி மாறும். இவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். ஆயிரத்திலோ சொல்லின் வகையே மாறிவிடுகிறது.

ஓராயிரத்துக்கு மில்லே. அது பெயரடை, உருமாறாது. ஆயிரம் குதிரைவீரர்கள் ‘மில்லே எக்விதேஸ்’. ஆயிரம் குதிரைவீரர்களோடு ‘கும் மில்லே எக்விதிபுஸ்’. வேற்றுமையை வீரர்கள்தான் சுமக்கிறார்கள். ‘ஆயிரம் வீரர்களோடு’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் சிரமமே இல்லை.

ஈராயிரம் முதல் மீலியா. இது பன்மைப் பெயர்ச்சொல். வீரர்கள் ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடுவார்கள்: ‘துஓ மீலியா எக்விதும்’, அதாவது குதிரைவீரர்களின் இரண்டு ஆயிரங்கள். ‘ஓடு’ சேர்ந்தால் ‘கும் துஓபுஸ் மீலிபுஸ் எக்விதும்’. இப்போது மாறியவை எண்கள். வீரர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். மில்லேயின் வழக்கத்தில் ‘எக்விதிபுஸ்’ என்று முடிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. மீலியாவை எண்ணாக நினைக்காமல் மூட்டை, கட்டு போன்ற அளவுப்பெயராக நினைத்துக்கொள்ளுங்கள். பிழை தானே நின்றுவிடும்.

கி.மு. 58இல் ஜெனீவா ஏரியிலிருந்து ஜூரா மலை வரை தான் எழுப்பிய அரணைப் பற்றிச் சீசர் எழுதிய வாக்கியம் இதற்கு அருமையான பயிற்சி. நீளம் 19 ‘மீலியா பாஸ்ஸுஉம்’, அதாவது அடிவைப்புகளின் 19 ஆயிரங்கள்; உயரம் ‘பெதும் ஸேதெகிம்’, 16 அடி. இரண்டு அளவுப்பெயர்களும் ஆறாம் வேற்றுமையில்தான் நிற்கின்றன. ஆனால் பாஸ்ஸுஉம் அப்படி நிற்பது மீலியாவால். பெதும் நிற்பதற்கு எண் காரணமல்ல, ‘இத்தனை அடி உயரமுள்ள’ என்று பண்பைச் சொல்லும் அமைப்பே காரணம். ஸேதெகிம் எதையும் ஆள்வதில்லை. இந்த வேறுபாடு பிடிபட்டவருக்கு லத்தீன் எண்களில் பாதி பயம் போய்விடும்.

எளிமைக்கு மில்லே, தெளிவுக்கு மீலியா என்பது என் தீர்ப்பு. மீலியா பெரும்பாலும் தன் விதியை விட்டு விலகுவதில்லை. மில்லே அப்படியல்ல, சில இடங்களில் அதுவும் பெயர்ச்சொல்லாகி, ‘மில்லே பாஸ்ஸூஸ்’ என்பதற்குப் பதிலாக ‘மில்லே பாஸ்ஸுஉம்’ என்று ஆறாம் வேற்றுமையை ஏற்கும். ரோமானியர் தூரத்தை அளந்த அந்த ஆயிரம் அடிவைப்புகளிலிருந்து வந்ததுதான் நாம் சொல்லும் ‘மைல்’.