வில்லா, பாவையா, கதகளியா, நாடகமா?

முப்பந்தல் இசக்கி அம்மனின் கதை எங்கள் குமரிப் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? நம்பியவன் கையாலேயே நகைக்காகக் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் நீலியாக வருகிறாள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். கொன்றவனும் செட்டியாக மறுபிறவி எடுத்திருக்கிறான். அவனைக் காட்டிப் பழையனூர்ச் சபையில் நின்று, "இவன் என் புருஷன்" என்று வழக்காடுகிறாள். முடிவும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கோவில் கொடை விழா நாளில் வில்லுப்பாட்டு மேடைக்கு முன்னால் பாய் விரித்து இடம் பிடிக்கிறோம். குமரி மாவட்டத்தில் ஜனங்கள் ஆசையோடு பார்க்கிற மேடைகளில் பெரும்பாலும் இப்படித் தெரிந்த கதைகள்தான். அதனால் வில்லுப்பாட்டு, தோல்பாவைக்கூத்து, கதகளி, திருவிழா நாடகம் இவற்றில் எது உசத்தி என்று பேசும்போது கதையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தெரிந்த கதையை வைத்து ஒவ்வொரு மேடையும் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

வில்லுப்பாட்டில் வேஷம் கிடையாது, திரை கிடையாது. பாட்டை நடத்தும் புலவர் வில்லுக்குப் பின்னால் உட்கார்ந்து வீசுகோலால் நாணைத் தட்ட, மணிகள் எல்லாம் குலுங்கும். குடம், உடுக்கை, தாளம், கட்டை. அவ்வளவுதான் பக்கமேளம். நீலி செட்டியை வழிமறிக்கும் இடம் வந்ததும் நல்ல புலவர் குரலைத் தாழ்த்திவிடுவார். அதுவரை "ஆமா" போட்டுக்கொண்டிருந்த பின்பாட்டுக்காரரும் அடங்கிவிடுவார். குடம் மட்டும் லேசாகக் கேட்கும். சின்ன வயதில் என் ஆச்சி அந்த நேரத்தில்தான் என்னை உலுக்கி எழுப்புவாள். "மக்களே, இனிதான் அவ வருவா, தூங்கிராத." இத்தனைக்கும் மேடையில் யாரும் வரப்போவதில்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு ஒருவரும் எழுந்திருக்கவும் மாட்டார்கள். வெறும் குரலில் அவள் வந்து நிற்பாள்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. சாமியை வரவழைக்கும் வருத்துப்பாட்டு தொடங்கியதும், சாமியாடுபவரான கோமரத்தாடிக்குச் சாமி வர வேண்டும். வரத் தாமதமானால் புலவர் அதே அடிகளை நீட்டுவார், தாளத்தை ஏற்றுவார், உடுக்கையை முன்னுக்குக் கொண்டுவருவார். எதிரே இருப்பவர் உடம்பைப் பார்த்தே பாட்டு நடக்கும். வேறெந்த மேடையிலும் நான் இதைப் பார்த்ததில்லை. கொட்டாரம் பக்கத்துச் சரவணந்தேரியைச் சேர்ந்த பூங்கனி அம்மாள் சிறுமியாக இருந்தபோதே வில்லடிக்க வந்தவர். ஆண்கள் நிறைந்த அந்தக் கலையில் பல பத்து வருடங்கள் பாடினார். 2018-ல் அவர் மறைந்த பிறகாவது இந்தக் கலை பற்றிப் பலர் பேசினார்களே என்பது எனக்கு ஆறுதல்.

தோல்பாவைக்கூத்து இதற்கு நேர் எதிர். இங்கே எல்லாமே கண்ணுக்குத்தான். ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகள், ஒரு வெள்ளைத் திரை, பின்னால் ஒரு விளக்கு. திரைக்குப் பின்னால் ஒரே ஆள் ராமனாகவும் ராவணனாகவும் சீதையாகவும் பேசுவார். வீட்டுக்குள் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்கள்தான் தலைமுறை தலைமுறையாக இதை நம் தமிழில் ஆட்டிவருகிறார்கள். ராமாயணத்தைப் பல நாட்களுக்கு நடத்துவார்கள். நல்லதங்காள் என்றால் ஒரே இரவு. தாயே பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடும் நிழலைப் பார்த்து அழாத பெண்கள் இருக்க மாட்டார்கள். அடுத்த நிமிடமே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிப் பாவைகள் வந்து சிரிக்க வைப்பார்கள். குழந்தைகளோடு போவதென்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இன்று தேடிப்போனால்தான் பார்க்கக் கிடைக்கிறது.

கதகளியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், எனக்கு அதில் பழக்கம் குறைவு. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள். பத்மநாபபுரம் தலைநகராக இருந்த காலத்தில் ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா தாமே கதகளிக்கான ஆட்டக்கதைகள் எழுதியவர். அந்தத் தொடர்ச்சிதான் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் திருவிழாவில் இன்றும் ஆடப்படும் கதகளி. செண்டை முழங்க, விளக்கு வெளிச்சத்தில் பச்சை முகமும் சிவந்த கண்ணும் தெரியும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் பாட்டு மலையாளம், பேச்சு முழுக்க முத்திரையில். பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தந்தால் பாதியாவது பிடிபடும்.

வில்லுக்கு உண்மையான போட்டி கிறிஸ்தவ ஊர்களின் திருவிழா நாடகம்தான். தேவசகாயம் பிள்ளை நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நட்டாலத்தில் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்து, மதம் மாறியதற்காகச் சித்திரவதைப்பட்டவர். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் புனிதரானார். எருக்கம்பூ மாலை போட்டு எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் காட்சியில் கூட்டம் மூச்சுவிடாது. அந்த வேஷத்தில் இருப்பவர் நேற்றுவரை கடலுக்குப் போன பக்கத்து வீட்டு அண்ணன். வசனம் தடுமாறினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவரை நமக்குத் தெரியும், அதனால் அவர் படும் அடி நமக்கே வலிக்கிறது. வில்லுப்பாட்டால் இதைத் தர முடியாது.

முப்பந்தலும் அதே ஆரல்வாய்மொழிப் பக்கம்தான். அநியாயமாகக் கொல்லப்பட்ட இரண்டு பேர். ஒருத்தி பழிவாங்கித் தெய்வமானாள், ஒருவர் மன்னித்துப் புனிதரானார். நல்லதங்காளையும் சேர்த்துக்கொண்டால், எங்கள் ஜனங்கள் எந்தக் கதைக்காகக் கண்விழிக்கிறார்கள் என்று புரிகிறது. உயிரோடு இருந்தபோது நியாயம் கிடைக்காதவர் ராத்திரி முழுக்கப் பேச, ஊரே உட்கார்ந்து கேட்கிறது.

வில்லும் நாடகமும் சேர்ந்த ஆளும் எங்களிடம் உண்டு. ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் தொடங்கி டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவுக்குப் போனார். பிறகு காந்தி கதையை வில்லிலேயே பாடினார். சாமி கதைகளே அதிகம் ஒலித்த வில்லில் காந்தியின் கதையும் நின்றது. காந்தியும் கொல்லப்பட்டவர்தான்.

ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் நான் வில்லுக்கே அனுப்புவேன். நாடகத்தை ரசிக்க அந்த ஊர்க்காரராக இருந்தால் நல்லது. நீலிக்கு அது தேவையில்லை. நாற்காலியில் உட்காராதீர்கள். குடம் அடிப்பவருக்குப் பக்கத்தில் தரையில் இடம் பிடியுங்கள். அவள் வரும் நேரத்தில் அந்தச் சத்தம் மண் வழியாக உடம்பில் ஏறும்.