ஜிடிபி பேட்ச்களைப் பல கம்பைலர்களில் ஏற்றிப் பார்த்த அனுபவம்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறேன். நிரலில் பிழை தேட நாள் முழுக்க ஜிடிபி என்ற டீபக்கர்தான். தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டால் அதிலுள்ள லினக்ஸைப் பல வருடங்களுக்கு யாரும் தொடமாட்டார்கள். புது ஜிடிபி வேண்டுமென்றால், அங்கிருக்கும் பழைய கம்பைலரை (மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கருவி) வைத்து நாங்களே பில்ட் செய்துகொள்ள, அதாவது மூல நிரலிலிருந்து கட்டிக்கொள்ள வேண்டும். வெளியீடு வந்த பிறகு கையைப் பிசைவதைவிட, பேட்ச், அதாவது ஒருவர் அனுப்பும் நிரல் மாற்றம், ஜிடிபிக்கு உள்ளே போகும் முன்பே படித்து, பல கம்பைலர்களில் ஏற்றிப் பார்த்துக் கருத்துச் சொல்வது மேல். சில வருடங்களாக அதைச் செய்துவருகிறேன். இந்த வேலைமுறை எப்படி இருக்கிறது, எங்கே பலன் தருகிறது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் தொடங்கிய நிரல் இது. முப்பது வருடம் சி மொழியில் இருந்தது. 2017இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து சி++ மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரமான சி++11ஐ அறிந்த கம்பைலர் கட்டாயமானது. அப்போது ஜிசிசி என்ற கம்பைலரின் 4.8 பதிப்பு போதும். இன்று சி++17 வேண்டும், அதாவது ஜிசிசி 9 அல்லது அதற்கு மேல். எனக்கு இந்தக் கீழ்வரம்புதான் உயிர். பேட்ச் எழுதுபவரிடம் பெரும்பாலும் புத்தம்புது ஜிசிசி இருக்கும். ‘தரத்தில் இருக்கிறதே, எல்லா இடத்திலும் வேலை செய்யும்’ என்று நம்பி எழுதிவிடுவார். தசம எண்ணை எழுத்துச் சரத்திலிருந்து படிக்கும் ஃப்ரம்-சார்ஸ் வசதியையே எடுத்துக்கொள்ளுங்கள். சி++17 தரத்தில் இருக்கிறது. ஆனால் ஜிசிசியின் நூலகத்துக்கு அது வந்தது 11ஆம் பதிப்பில். ஜிசிசி 9இல் பில்ட் முறிந்துவிடும். எதிர்த்திசையிலும் இதே கதை உண்டு. ஜிசிசி 13இல் நூலகத் தலைப்புக் கோப்புகள் ஒன்றையொன்று இழுத்துவருவது குறைந்தது. அதுவரை தானாகவே கிடைத்துக்கொண்டிருந்த சிஎஸ்டிடி-இன்ட் கோப்பை வெளிப்படையாகச் சேர்க்காத எத்தனையோ திட்டங்கள் அன்று முறிந்தன.

என்னிடம் இருக்கும் ஏற்பாடு எளியது. உபுண்டு 20.04 லினக்ஸைத் தனிப்பெட்டிபோல் ஓட்டும் கண்டெய்னர் ஒன்று. அதன் சொந்தக் கம்பைலரே ஜிசிசி 9. அப்புறம் புதிய ஜிசிசி ஒன்று, கிளாங் என்ற வேறொரு கம்பைலரின் புதிய பதிப்பு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி பில்ட் அடைவு, கூடவே, ஏற்கெனவே கட்டியதைச் சேமித்துவைக்கும் சிகேஷ். முதல் பில்ட்தான் நேரம் பிடிக்கும். பிறகு ஒரு பேட்ச் மாறினால் தொட்ட கோப்புகள் மட்டும் ஓடும். ஜிடிபியின் வளர்ச்சிக் கிளையில் கம்பைலர் தரும் வார்னிங் (எச்சரிக்கை) எல்லாம் பிழையாகவே எண்ணப்படும், வெளியீட்டுக் கிளையில் அப்படி இல்லை. அதனால் சோதிப்பதை வளர்ச்சிக் கிளையில்தான் செய்ய வேண்டும்.

பழைய கம்பைலரில் முறிவதைக் கண்டுபிடிப்பது சுலபம், இயந்திரமே சொல்லிவிடும். கவனமாகப் படிக்க வேண்டியது ‘வார்னிங்கை நீக்கினேன்’ என்று வரும் சின்னஞ்சிறு பேட்ச்கள். பட்டர்வொர்த்திலிருந்து வரும் தம்பி ஒருவன் என்னோடு இதைக் கற்றுக்கொள்கிறான். சனிக்கிழமைகளில் லெபோ பாசார் பக்கம் தோசைக் கடையில் மடிக்கணினியோடு உட்காருவோம். ஒருநாள், “அண்ணே, வார்னிங் போயிடுச்சு. அனுப்பிடலாமா?” என்றான்.

“எப்படிப் போச்சு?”

“காஸ்ட் போட்டு வகையை வலுக்கட்டாயமா மாத்திட்டேன்ணே.”

“கம்பைலர் சொன்னது சரியா தப்பான்னு முதல்ல சொல்லு. அதுக்கப்புறம் காஸ்ட் வேணுமான்னு பார்க்கலாம்.”

அவனுக்கு ஜிடிபி நிரலிலிருந்தே இரண்டு இடங்களைத் திறந்து காட்டினேன்.

முதலாவது, சூழல் மாறிகளைச் சோதிக்கும் கோப்பு. அதில் ஒரு பொருளை அதற்குள்ளேயே மூவ் செய்யும் (உள்ளடக்கத்தை இடம் மாற்றும்) வரி இருக்கிறது. கிளாங் இதைக் கண்டால் எச்சரிக்கும். ஜிசிசியும் 13ஆம் பதிப்பிலிருந்து எச்சரிக்கிறது. சாதாரண நிரலில் அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனால் இங்கே அந்தச் சோதனையின் நோக்கமே, அப்படிச் செய்தாலும் தரவு கெடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆகவே அந்த ஒற்றை வரிக்கு முன்னால் வார்னிங்கை அணைத்து, பின்னால் பழைய நிலைக்குத் திருப்பி, காரணத்தையும் குறிப்பாக எழுதியிருக்கிறார்கள். அணைப்பது என்றால் இப்படித்தான் அணைக்க வேண்டும்: குறுகலாக, காரணத்தோடு.

இரண்டாவது, ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பு) கொடிகளுக்கான தலைப்புக் கோப்பு. ஒரு ஈனமின் அடிப்படை வகை குறி உள்ளதா (எதிர்மதிப்பும் ஏற்பதா) இல்லாததா என்று அறிய, மைனஸ் ஒன்றை அந்த ஈனமாக மாற்றிப் பார்க்கும் தந்திரம் அதில் இருந்தது. நேர்மதிப்புகள் மட்டுமே கொண்ட ஈனமுக்குள் மைனஸ் ஒன்று அடங்காது. தரத்தின்படி அது வரையறுக்கப்படாத நடத்தை. கம்பைலரே கணக்கிட்டுவிடும் மாறிலிக் கோவையில் அதற்கு இடமே இல்லை. கிளாங் 16 அதைப் பிடித்தது. முதலில் வார்னிங்கை அணைத்தார்கள். ஆனால் கிளாங் தரப்பு அதை அணைக்கவே முடியாத பிழையாக மாற்றத் தீர்மானித்தபோது, தந்திரத்தை எடுத்துவிட்டு, ஈனம்களுக்கு அடிப்படை வகையை வெளிப்படையாக எழுதி உண்மையாகவே சரிசெய்தார்கள். இந்தத் திருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். படிப்பவருக்கும் நிரல் முன்பைவிடத் தெளிவாகிவிட்டது.

தம்பி தன் பேட்சை மறுபடி பார்த்தான். கம்பைலர் சொன்னது சரிதான். குறியுள்ள எண்ணையும் குறியில்லாத எண்ணையும் ஒப்பிட்டிருந்த இடம் அது. காஸ்டை எடுத்துவிட்டு மாறியின் வகையையே மாற்றினான்.

ஜிசிசி 15 வந்தபோது வேலை கொஞ்சம் கூடியது. சி மொழிக்கு அதன் இயல்புநிலை, புதிய தரமான சி23 ஆகிவிட்டது. வெற்று அடைப்புக்குறி போட்ட செயற்கூறு என்றால் இனி வாதமே எடுக்காதது என்று பொருள்; ‘பூல்’ (bool, உண்மை/பொய் வகை) என்பது மொழியின் சொந்தச் சொல். ஜிடிபியின் சோதனைத் தொகுப்பில் பழைய பாணி சி நிரல்கள் நிறைய. அவற்றில் சில வேண்டுமென்றே பழைய பாணியில் எழுதப்பட்டவை, ஏனென்றால் அப்படிப்பட்ட நிரலையும் டீபக்கர் கையாள வேண்டும். அவற்றை நவீனமாக மாற்றினால் சோதனையே அர்த்தமிழக்கும். பழைய தரத்தைக் கேட்கும் கம்பைலர் கொடியை (கட்டளைத் தேர்வு) சேர்ப்பதுதான் முறை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜிடிபியைக் கட்டும் கம்பைலர் ஒன்று. ஜிடிபி படிக்க வேண்டிய நிரலை உருவாக்கிய கம்பைலர் வேறொன்று. டுவார்ஃப் என்பது டீபக்கருக்காகக் கம்பைலர் எழுதிவைக்கும் தகவலின் வடிவம். ஜிசிசி 11 முதல் டுவார்ஃப் 5 இயல்புநிலை. எங்கள் இயந்திரங்களில் டுவார்ஃப் 4 இன்னும் ஏராளம். அதனால் டுவார்ஃபைப் படிக்கும் பகுதியைத் தொடும் பேட்ச் என்றால் இரண்டு வடிவத்திலும், முடிந்தால் கிளாங் உருவாக்கிய நிரலிலும் சோதிப்பேன்.

குறை என்றால் சோதனைத் தொகுப்புதான். முழுதாக ஓட்ட நேரமாகும். சில சோதனைகள் ஒருமுறை தேறும், மறுமுறை தோற்கும். பேட்ச் இல்லாமல் ஒருமுறை, பேட்சோடு ஒருமுறை ஓட்டி, இரண்டு முடிவுக் கோப்புகளையும் ஒப்பிட்டால்தான் எது பேட்சால் வந்தது என்று தெரியும். மாறியவற்றை மட்டும் தனியே இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பேன். அப்போதும் தோற்றால் எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, என்ன கொடிகள் என்று எழுதி அனுப்புவேன். எழுதியவர் தன் இடத்தில் அதை மறுபடி வரவழைக்க அது போதும்.