கோலமாவு வரைபடமும் என் பஜ்ஜிச் சட்டியும்

கடலூர் தேவனாம்பட்டினம் பீச்சில் சாயங்காலம் பஜ்ஜி போடுகிறவள் நான். சட்டியில் காய்வது பாமாயில். அதனால், நாம் வாங்குகிற பொருளால் காடு எப்படி அழிகிறது என்று புதுச்சேரியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார்கள் என்றதும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஐந்தாவது படிக்கும் மகள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினோம்.

மூன்று மணி நேரம், 200 ரூபாய். வீட்டிலிருந்து ஐந்து காலிக் கவர் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பிஸ்கட், நூடுல்ஸ், சோப்பு, ஷாம்பு கவர்களோடு ரேஷன் பாமாயில் கவரையும் கழுவி எடுத்து வந்துவிட்டாள்.

தரையில் கோலமாவால் உலக வரைபடம் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் பூதக்கண்ணாடியை வைத்துக் கவரின் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். பாமாயிலைக் குறிக்கிற பாமோலின் என்றோ, சோப்பில் சோடியம் பாமேட் என்றோ கண்டுபிடித்தால், கவரில் ஒரு நூலைக் கட்டிச் சுமத்ரா, போர்னியோ தீவுகள் வரை இழுக்க வேண்டும். அரை மணியில் அந்த இரண்டு தீவும் நூலுக்கு அடியில் மறைந்துவிட்டன. உலகத்துப் பாமாயிலில் 80 சதவீதத்துக்கு மேல் அந்தத் தீவுகள் இருக்கிற இந்தோனேசியாவும் மலேசியாவும்தான் தருகின்றனவாம். அதை வெளியிலிருந்து அதிகம் வாங்குகிற நாடு நம்முடையது. ஒரு பையன், "நம்ம ஊர்ப் பனைமரமா அக்கா?" என்று கேட்டான். இல்லை, இது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறு மரம் என்று படத்தைக் காட்டினார்கள்.

காட்டை எரித்து இந்த மரத்துக்குத் தோட்டம் போடுவதைச் சொன்னபோது எனக்குச் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஞாபகம். 2015இல் சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை அங்கே வந்து, ஒருநாள் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். முகமூடி போட்டுக்கொண்டு போனில் பேசினான். அன்றைக்கு அது ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

குறையும் உண்டு. கவர்களில் எல்லாமே ஆங்கிலம். தமிழ்வழிப் பிள்ளைகள் திணறினார்கள். சொற்களைத் தமிழில் எழுதி ஒரு தாள் கொடுத்திருக்கலாம். இடைவேளையில் கொடுத்த பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் பாமாயில்! பிள்ளைகள் ஒரே கூச்சல். வகுப்பெடுத்த அக்கா சிரித்துவிட்டு, அதற்கும் ஒரு நூல் கட்டச் சொன்னார். அது எனக்குப் பிடித்தது.

எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு. ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற எண்ணெயை வைத்துத்தான் எங்கள் வீட்டில் மாதம் ஓடுகிறது. "அம்மா காட்டை அழிக்கிறாள்" என்று பிள்ளை நினைத்துவிட்டால்? கை தூக்கிக் கேட்டே விட்டேன். அந்த அக்கா மழுப்பவில்லை. ஒரு ஏக்கர் கடலையில் வருவதைவிடப் பல மடங்கு எண்ணெய் இந்த மரம் தரும், எல்லோரும் வேறு எண்ணெய்க்கு மாறினால் இன்னும் நிறைய நிலம் வேண்டும், மரத்தைக் குற்றம் சொல்லாமல் எந்த நிலத்தை அழித்து நட்டார்கள் என்று கேளுங்கள் என்றார். ஆனால் இதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். எட்டு வயதுக்குக் கீழே வேண்டாம், பூதக்கண்ணாடிக்குச் சண்டை போடுவார்கள்.

அடுத்த மாதம் காகிதம் பற்றியாம். பஜ்ஜி மடிக்கிற பேப்பர் எங்கிருந்து வருகிறது என்று இப்போதே கடையில் விசாரணை ஆரம்பித்துவிட்டது.